கோலியும் நான்காவது ஸ்டம்பும்: வேலந்தாவளம் மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யார்? பதில் சொல்ல நீங்கள் யார்?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் எங்கள் ஊர். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், கிரிக்கெட்டில் இரண்டும் கலந்த ஒரு மொழி. பனந்தோப்பை ஒட்டிய மைதானத்தில் ஞாயிறு காலை பதினைந்து இருபது பையன்களுக்கு நான் மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் என்னை ‘சார்’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘மாஷ்’ என்கிறார்கள். பட்டம் எதுவும் வாங்கிய பயிற்சியாளர் அல்லன். கோயம்புத்தூர் லீக்கில் கீழ் டிவிஷன்களில் பதினோரு ஆண்டுகள் ஆடி, அதில் பெரும்பகுதியை ஸ்லிப்பில், அதாவது கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பவர்களிடம், கேட்ச் கொடுத்தே கழித்தவன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். பையன்கள், அவர்களுடைய அப்பாக்கள், மைதானத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது விராட் கோலியைப் பற்றி. ஒவ்வொரு வாரமும் அதே பதிலைச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

2014இல் இங்கிலாந்தில் அவருக்கு அப்படி என்னதான் ஆயிற்று?

ஐந்து டெஸ்ட், பத்து இன்னிங்ஸ். ரன்களை வரிசையாகச் சொல்கிறேன்: 1, 8, 25, 0, 39, 28, 0, 7, 6, 20. கூட்டினால் 134. சராசரி 13.40. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ஜோஹன்னஸ்பர்க்கில் 119 அடித்தவர், உலகின் அடுத்த பெரிய பேட்ஸ்மேன் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். இங்கிலாந்து வேகப் பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் மட்டும் அந்தத் தொடரில் நான்கு முறை அவரை வெளியேற்றினார்.

எண்களைவிட எனக்கு ஒரு பந்துதான் மறக்கவில்லை. லார்ட்ஸ் டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸ். வெளியே போகும் பந்தைத் தொட்டுத் தொட்டு அவுட்டானவர், இந்த முறை முதல் பந்தையே ஆடாமல் விட்டார். பிளங்கெட் வீசிய அந்தப் பந்து உள்ளே வந்து ஸ்டம்பைத் தட்டியது. தொட்டாலும் அவுட், விட்டாலும் அவுட். ஒரு பேட்ஸ்மேனுக்கு இதைவிடக் கொடிய நிலை வேறு இல்லை. தன் ஆஃப் ஸ்டம்ப், அதாவது மட்டை பிடிக்கும் பக்கத்து ஓர ஸ்டம்ப், எங்கே இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே போகும் பந்தைத் துரத்தினார், அவ்வளவுதானே? இதில் என்ன நுட்பம் இருக்கிறது?

டீக்கடையில் எல்லோரும் சொல்வது இதுதான். தவறில்லை, ஆனால் இது நோயின் அறிகுறி, நோய் அல்ல. காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் மலேரியாவா டைபாய்டா என்று தெரிந்துவிடுமா?

2020இல் மயங்க் அகர்வாலுடன் நடந்த ஓர் உரையாடலில் கோலியே இதை விளக்கினார். அவர் பயந்தது வெளியே போகும் பந்துக்கு அல்ல. உள்ளே வரும் பந்துக்கு! இன்ஸ்விங் வந்துவிடுமோ என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து, வலது இடுப்பை முன்கூட்டியே திறந்துகொண்டார். இடுப்பு திறந்தால் நெஞ்சு பந்து வீச்சாளரைப் பார்க்கும். நெஞ்சு திரும்பினால் மட்டை நேர்கோட்டில் வராது, குறுக்கே வரும். அந்த நிலையில் பந்து வெளியே நகர்ந்தால் உடம்பால் பின்தொடர முடியாது. கைகள் மட்டும் தனியாகக் கிளம்பிப் போகும். கைகள் தனியே போனால் ஸ்லிப்பில் நிற்பவருக்குத்தான் வேலை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கதவைப் பார்த்து நேராக நின்றுகொண்டு, வலப்பக்கம் எட்டாத தூரத்தில் உள்ள டம்ளரை எடுக்க முயலுங்கள். பிறகு தோளைக் கதவுக்குக் காட்டிப் பக்கவாட்டில் நின்று அதே டம்ளரை எடுங்கள். இரண்டாவது முறை உடம்பும் சேர்ந்து போகும். அதுதான் வித்தியாசம்.

இந்தியாவில் மலைபோல் ரன் அடிப்பவருக்கு அங்கே மட்டும் ஏன் இந்தப் பாடு?

முதல் காரணம் பந்து. இந்தியாவில் டெஸ்டுக்கு மீரட்டில் செய்யும் எஸ்ஜி, ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா, இங்கிலாந்தில் டியூக்ஸ். கூக்கபுராவில் நடுவில் உள்ள தையல் வரிசைகள் மட்டுமே கையால் தைத்தவை, வெளி வரிசைகள் எந்திரத் தையல். அதனால் தையல் சீக்கிரம் அமுங்கிவிடும். டியூக்ஸ் முழுவதும் கைத்தையல். தையல் மேடு நன்றாக எழும்பி நிற்கும், வெகு நேரம் அப்படியே இருக்கும். ஐம்பது ஓவர் ஆன பிறகும் டியூக்ஸ் வளையும். மற்றவை அதற்குள் ஓய்ந்துபோயிருக்கும்.

வளைவது எப்படி என்று ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. தையலைச் சற்றுச் சாய்த்து வீசினால், ஒரு பக்கம் காற்று தையல் மேட்டில் இடறிக் கலங்கிப் போகும். கலங்கிய காற்று பந்தின் தோலை அதிக தூரம் ஒட்டிக்கொண்டு செல்லும். மறுபக்கம் வழவழப்பில் அமைதியாகப் போகும் காற்று சீக்கிரமே தோலை விட்டு விலகிவிடும். இந்த வேற்றுமை பந்தைத் தையல் சாய்ந்த பக்கம் தள்ளுகிறது. மேகம் மூடினால் ஏன் கூடுதலாக வளைகிறது என்பதில் அறிவியலாளர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மேகம் மூடினால் இங்கிலாந்தில் கேப்டன்கள் ஃபீல்டிங் எடுப்பதில் சண்டை இல்லை.

இரண்டாவது காரணம் பழக்கம். இதை நான் கோலியை வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, நம்மை வைத்தே சொல்லலாம். நம் பக்கம் எல்லாம் மேட் ஆட்டம். மண்ணை உருட்டிக் கெட்டிப்படுத்தி, மேல் கயிற்றுப் பாயை இழுத்து ஆணி அடித்து ஆடுகிறோம். பந்து துள்ளும், ஆனால் நேராகத் துள்ளும். மைதானமோ சரளைக் கல். பத்து ஓவரில் பந்தின் மினுமினுப்பு போய், உரித்த பனங்காய் மாதிரி ஆகிவிடும். அப்புறம் எங்கே வளைவது? கொஞ்சம் வெளியே வந்த பந்தை, காலை நகர்த்தாமல் நின்ற இடத்தில் கையை வீசினால் கவரில் நான்கு ரன். பத்து வயதிலிருந்து அப்படி ஆயிரம் முறை அடித்தவனுக்கு, அந்த அடி தவறு என்று யார் போய்ச் சொல்வது? ரன் வந்துகொண்டே இருக்கிறதே!

இருபத்திரண்டு வயதில் முதன்முறையாகப் புல் ஆடுகளத்தில், புதுப் பந்தில் ஆடினேன். கோயம்புத்தூரில் ஒரு லீக் ஆட்டம். மூன்றாவது பந்து எங்கள் ஊர் அளவுக்கு அருமையான கவர் டிரைவ் பந்து. வீசினேன். இரண்டாவது ஸ்லிப்பில் நின்றவர் கையைக்கூட அசைக்கவில்லை, பந்துதான் போய் உட்கார்ந்தது. பெவிலியனுக்குத் திரும்பும்போது எனக்கு வந்தது வெட்கம்கூட இல்லை, திகைப்பு. ‘இது நான்கு ரன் ஆயிற்றே!’ என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. 2014இல் கோலியின் முகத்திலும் அந்தத் திகைப்பைப் பார்த்தேன். அவரையும் என்னையும் ஒரே வாக்கியத்தில் வைக்க அந்த ஓர் இடம்தான் உண்டு.

பிறகு என்ன மாற்றினார்?

சுற்றுப்பயணம் முடிந்ததும் மும்பைக்குப் போய் சச்சின் டெண்டுல்கரிடம் உட்கார்ந்தார். சச்சின் சொன்னவற்றில் முக்கியமானது, சுழல் பந்துக்கு முன்னால் நகர்வதுபோல வேகப் பந்துக்கும் முன்னால் நகர்ந்து அழுத்த வேண்டும் என்பது. தன் இடுப்பின் நிலையைத் திருத்திக்கொண்டிருப்பதாகக் கோலியே அவரிடம் சொல்லியிருந்தார். அப்போது அணியின் இயக்குநராக வந்த ரவி சாஸ்திரி இன்னொன்று சொன்னார்: கிரீஸுக்கு (பேட்ஸ்மேன் நிற்கும் கோட்டுக்கு) வெளியே வந்து நில், ஆடும் இடத்தை நீ ஆள வேண்டும், பந்து வீச்சாளன் ஆளக்கூடாது.

கோலி தன் பங்குக்குக் கால்களுக்கு இடையே உள்ள அகலத்தைக் கூட்டினார். முன்னே போகும்போது தள்ளாடாமல் இருக்க அது உதவியது. இடுப்பைத் திறக்காமலும் அதிகமாக மூடாமலும் ஒரே கோட்டில் வைத்தார். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் பல ஆண்டுகளாக ஒரே மாதிரி நின்ற ஓர் உடம்பை அங்குலக் கணக்கில் மாற்றி நிறுத்துவதற்கு நெட்டில் எத்தனை ஆயிரம் பந்துகள் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். கையெழுத்தை மாற்றுவது போன்ற வேலை அது.

அந்த ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியா. நான்கு டெஸ்டில் 692 ரன். அடிலெய்டில் 115, 141, மெல்போர்னில் 169, சிட்னியில் 147.

ஆஸ்திரேலியாவில் அடித்ததும் நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமே?

சொல்லக்கூடாது. கூக்கபுரா, வெயில், நேராகத் துள்ளும் ஆடுகளம். கொஞ்சம் யோசித்தால் நம் மேட் ஆட்டத்தின் பெரிய அண்ணன் அது. தேர்வு மீண்டும் இங்கிலாந்தில்தான் நடக்க வேண்டும். அதற்கு நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்.

2018 தேர்வில் எத்தனை மதிப்பெண்?

பத்து இன்னிங்ஸில் 593. சராசரி 59.30. எட்ஜ்பாஸ்டனில் 149, 51. லார்ட்ஸில் 23, 17. டிரெண்ட் பிரிட்ஜில் 97, 103. சவுத்தாம்ப்டனில் 46, 58. ஓவலில் 49, 0. ஆண்டர்சன் அந்தத் தொடர் முழுக்க எத்தனையோ முறை அவர் மட்டையின் விளிம்பைத் தாண்டிப் பந்தை அனுப்பினார், ஆனால் ஒரு முறைகூட அவரை அவுட்டாக்க முடியவில்லை.

எட்ஜ்பாஸ்டனில் இரண்டு கேட்ச் விட்டார்களே? அதிர்ஷ்டத்தை ஏன் திறமை என்கிறீர்கள்?

கேட்டவர் டீக்கடைப் பெரியவர். விடாப்பிடியான மனிதர், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆமாம். 21இல் ஒரு முறை, 51இல் ஒரு முறை, இரண்டையும் ஸ்லிப்பில் டேவிட் மலான் தவறவிட்டார். முதலாவதைப் பிடித்திருந்தால் இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் அன்றைய ஆட்டத்தை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆண்டர்சன் நீண்ட நேரத்துக்கு நான்காவது, ஐந்தாவது ஸ்டம்ப் கோட்டில், அதாவது ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, வீசிக்கொண்டே இருக்கிறார். கோலி விடுகிறார், விடுகிறார், தடவிப் பார்க்கிறார், அடி வாங்குகிறார், மறுபடி விடுகிறார். அழகே இல்லாத ஆட்டம். கவர் டிரைவுக்குப் பெயர்போன மனிதர் அதைப் பூட்டி வைத்திருக்கிறார். அழகாகத் தோற்றமளிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டவரின் ஆட்டம் அது.

இந்தியாவின் மொத்தம் 274. அதில் அவர் 149. அடுத்த அதிகபட்சம் தவனின் 26. கடைசி விக்கெட்டுக்கு உமேஷ் யாதவுடன் 57 ரன் சேர்த்தார்கள், அந்த 57இல் உமேஷின் பங்கு ஒரே ஒரு ரன். அதிர்ஷ்டம் அவருக்கு இரண்டு வாய்ப்பைத்தான் கொடுத்தது. மற்ற இருநூற்றுச் சொச்சப் பந்துகளை அவரேதான் ஆடினார். 2014இல் அவர் கொடுத்த கேட்சுகளையும் சிலர் விட்டிருந்தால் 150 அடித்திருப்பாரா? மாட்டார், அடுத்த ஓவரில் இன்னொன்று கொடுத்திருப்பார்.

அந்த டெஸ்டையும் தோற்றோம், தொடரையும் 4-1 எனத் தோற்றோம். ஒருவர் அடித்து என்ன பயன்?

உண்மை. எட்ஜ்பாஸ்டனில் 31 ரன்னில் தோற்றோம். அவருடைய ஆட்டம் அணிக்குக் கோப்பையைத் தரவில்லை. ஆனால் பையன்களே, நீங்கள் என்னிடம் கேட்டது மட்டை பிடிப்பதைப் பற்றி.

கிரீஸுக்கு வெளியே அரை மீட்டர் நிற்பதால் என்ன பெரிதாக மாறிவிடும்?

இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன், பையன்கள் அசந்துபோனார்கள். நீங்களும் போடலாம்.

இரண்டு முனைகளின் கிரீஸ் கோடுகளுக்கு இடையே தூரம் 17.68 மீட்டர். பந்து கையை விட்டுப் புறப்பட்டு ஏறக்குறைய 17 மீட்டர் பயணித்து மட்டையைச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவது தூரத்துக்கு நேர்விகிதமாகக் கூடுவதில்லை, தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது முதல் பாதியில் கொஞ்சம், கடைசியில் நிறைய. 17 மீட்டரில் மொத்தம் 60 செ.மீ. நகரும் பந்து, 16 மீட்டரில் 53 செ.மீ. தான் நகர்ந்திருக்கும். வித்தியாசம் 7 செ.மீ. மட்டையின் அதிகபட்ச அகலமே 10.8 செ.மீ. அதில் பாதிக்கு மேல்! வெளியே நிற்பது அரை மீட்டர், நன்றாகக் காலை எட்டி வைப்பது அரை மீட்டர், சேர்த்தால் அந்த ஒரு மீட்டர் வந்துவிடும். நடு மட்டைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் அங்கேதான் கிடைக்கிறது.

விலை என்ன? மணிக்கு 135 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஒரு மீட்டரைக் கடக்க நொடியில் நூறில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அவ்வளவு நேரத்தை இழக்கிறோம். மொத்தமே அரை நொடிதான் கையில் இருக்கிறது. ஷார்ட் பந்துக்குப் பின்னால் போக இடமும் நேரமும் குறையும். கீப்பர் ஸ்டம்புக்கு அருகில் வந்து நின்றால் மறுபடி உள்ளே போக வேண்டியதுதான்.

அப்படியானால் என் மகனையும் வெளியே நிற்கச் சொல்லட்டுமா?

வேண்டாம் அக்கா. அவனுக்குப் பதினொரு வயது. நம் பக்கத்தில் யாரும் அவனுக்கு 60 செ.மீ. வளைத்துப் போடப்போவதில்லை. இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டால் வேறு நோய் வரும். முதலில் தலை அசையாமல் நிற்கட்டும்.

கவுண்டி (இங்கிலாந்தின் உள்ளூர் முதல்தரப் போட்டி) ஆடிப் பழகியதால்தான் 2018இல் அடித்தார் என்கிறார்களே?

ஆடவே இல்லை. சர்ரே அணிக்கு ஆடுவதற்காக அந்த ஜூன் மாத ஆப்கானிஸ்தான் டெஸ்டைக்கூட விட்டுக்கொடுக்கத் திட்டமிட்டிருந்தார். கழுத்தில் காயம் வந்து கவுண்டிப் பயணம் நின்றுபோனது. அதே பருவத்தில் யார்க்ஷையருக்குப் போய் ஆடிய புஜாராவுக்கு அங்கே ரன் அதிகம் வரவில்லை. எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு சவுத்தாம்ப்டனில் ஆட்டமிழக்காமல் 132 அடித்தார். ஆகவே கவுண்டி என்பது எதையும் நிரூபிப்பதில்லை, பொய்யாக்குவதும் இல்லை.

பிடித்த ஷாட்டையே ஆடாமல் இருப்பது கோழைத்தனம் இல்லையா?

இதைக் கேட்டவன் பதினாறு வயதுப் பையன், நல்ல கவர் டிரைவ் உடையவன். அவனுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன்: 2004 ஜனவரியில் சிட்னி.

அந்தத் தொடரில் அதுவரை சச்சினின் ரன்கள் 0, 1, 37, 0, 44. வெளியே போகும் பந்தை ஆடப் போய் அவுட்டானதும் உண்டு. சிட்னியில் ஒரு முடிவோடு இறங்கினார், ஆஃப் பக்கம் டிரைவ் ஆடுவதில்லை என்று. 436 பந்துகள் ஆடினார். 241 நாட் அவுட். ஆஸ்திரேலியர்கள் வெளியே வீசிப் பார்த்தார்கள், அவர் விட்டார். பொறுமை இழந்து ஸ்டம்புக்கு வீசினார்கள், காலுக்குப் பக்கத்தில் தட்டி ரன் எடுத்தார். ஊரில் எல்லோருக்கும் பிடித்த பலகாரத்தைச் சமைக்கத் தெரிந்தவர், பத்து மணி நேரத்துக்கு மேல் அடுப்பங்கரையில் நின்றும் அதைச் செய்யாமல் இருந்தார். கோழைக்கு அது முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சச்சின் தன் நுட்பத்தை மாற்றவில்லை, ஒரு ஷாட்டை ஒதுக்கி வைத்தார். கோலி 2018இல் இரண்டையும் செய்தார்: நிற்கும் இடத்தை மாற்றினார், தொடக்கத்தில் ஷாட்டையும் ஒதுக்கினார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினம். இடுப்பைத் திருத்த ஒரு பயிற்சியாளர் போதும். ஆசையைத் திருத்த யாரும் கூட வரமாட்டார்கள்.

‘விடுவது’ ஒரு ஷாட்டா?

எங்கள் மைதானத்தில் ஆம். 2014இல் கோலி தடுமாறிய அதே தொடரில் நம் சென்னைக்காரர் முரளி விஜய் டிரெண்ட் பிரிட்ஜில் 146, லார்ட்ஸில் 95. அவர் ஆடிய பந்துகளைவிட விட்ட பந்துகளைப் பாருங்கள். மட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு, தலைக்கடியில் பந்து போவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த பந்துக்குத் தயாராவார். விடுபவனுக்குத் தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த லார்ட்ஸ் பந்து இருக்கிறதே.

இவ்வளவு நன்றாக விட்டவரைப் பற்றி நம் தமிழ்ப் பையன்கள் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஐபிஎல்லில் அவர் அடித்த சிக்ஸர்தான் நினைவிருக்கிறது.

சரி, பலவீனத்தை வென்றுவிட்டார் என்றால் கடைசி ஆஸ்திரேலிய டெஸ்ட் பயணத்தில் ஏன் மறுபடி அதே மாதிரி அவுட்டானார்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. நேர்மையாகச் சொன்னால் நான் முதலில் ‘வென்றார்’ என்றுதான் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

2020 தொடக்கத்தில் நியூசிலாந்தில் நான்கு இன்னிங்ஸில் 38 ரன். 2021இல் டிரெண்ட் பிரிட்ஜில் ஆண்டர்சனின் முதல் பந்திலேயே கீப்பர் கேட்ச். 2024-25 ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் ஒரு சதம், ஆனால் ஒன்பது இன்னிங்ஸிலும் சேர்த்து 190 ரன்தான். எட்டு முறை அவுட்டானார், எட்டும் ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பரிடமோ ஸ்லிப் பகுதியிலோ பிடிபட்ட கேட்சுகள். ஸ்காட் போலண்ட் மட்டும் நான்கு முறை எடுத்தார். 2025 மே மாதம் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார், 123 டெஸ்ட், 9230 ரன், 30 சதங்களுடன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியக் கஷ்டம் இல்லை. மார்கழி தையில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும், ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். ஓலைக் கூரை வேய்ந்தவன் ஒரு வருடம் நன்றாகக் கட்டினான் என்பதற்காகக் காற்று அடுத்த வருடம் வராமல் இருப்பதில்லை. மறுபடி ஏறிக் கட்ட வேண்டும். 2018இல் கோலி செய்தது காற்றை நிறுத்தியது அல்ல, கூரையை இழுத்துக் கட்டியது. அந்தக் கட்டு கண், கால், பொறுமை மூன்றையும் நம்பியிருந்தது. முப்பத்தாறு வயதில் கால் நொடியின் ஒரு சிறு பங்கு தாமதமாகப் போனால் முன்னால் போய்ச் சந்திக்கும் திட்டமே அவருக்கு எதிராகத் திரும்பும். உள்ளே இருந்து ஆடியிருந்தால் விட்டிருக்கக்கூடிய பந்தை, முன்னே வந்துவிட்டதாலேயே தொட நேரும். முதலில் காப்பாற்றிய அதே அடி பிறகு மாட்டிவைத்தது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் ஞாயிறு வரலாம், டீ என் செலவு.

இப்போதைய பையன்களில் யார் இதைச் செய்திருக்கிறார்கள்?

2025இல் சுப்மன் கில். வெளிநாட்டில் ரன் இல்லை என்ற பேச்சோடு கேப்டனாக இங்கிலாந்து போனார். ஐந்து டெஸ்டில் 754 ரன் அடித்தார், எட்ஜ்பாஸ்டனில் மட்டும் 269, 161. இந்தியா அந்த மைதானத்தில் முதன்முறையாக ஜெயித்தது, அதுவும் 336 ரன் வித்தியாசத்தில். அந்த ஆடுகளங்கள் 2018ஐவிட மட்டைக்குச் சாதகமாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் சாய் சுதர்சனும் அந்தத் தொடரில்தான் அறிமுகமானார். லீட்ஸில் முதல் இன்னிங்ஸில் 0, பிறகு ஓல்டு டிராஃபோர்டில் 61.

பாயிலும் சரளையிலும் ஆடிக்கொண்டு இதையெல்லாம் எப்படிப் பழகுவது?

டியூக்ஸ் பந்து வாங்க நம்மிடம் பணம் இல்லை. டென்னிஸ் பந்தும் மின்கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப்பும் போதும். பந்தின் ஒரு பாதியை மட்டும் டேப் ஒட்டி மூடுங்கள், மறுபாதியை ரோமத்தோடு விடுங்கள். சாதாரணமாக வீசினாலே வளையும், ஆண்டர்சனே வெட்கப்படும் அளவுக்கு. பதினாறு மீட்டரிலிருந்து வீசச் சொல்லுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் எந்த முனையிலிருந்து வீசுகிறோம் என்பதைப் பொறுத்து வளைவு மாறும். அதையும் பையன்களே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று ஸ்டம்புக்கு வலப்பக்கம் ஒரு தென்னை மட்டையை நட்டு வைக்கிறோம். அது நான்காவது ஸ்டம்ப். அதற்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விட்டால் ஒரு ரன். தொட்டால், நான்கு போனாலும், அவுட். முதல் வாரம் இந்த விதியைக் கேட்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். கவர் டிரைவ் பையன் அதற்கடுத்த வாரம் விட்டே பதினெட்டு ரன் எடுத்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

காலடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு நிற்க வைத்துக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்தும் எதிரிலிருந்தும் படம் எடுங்கள். இடுப்பு எப்போது திறக்கிறது என்று அவனுக்கே தெரியும். நான் சொன்னால் நம்பமாட்டான், படம் சொன்னால் நம்புவான்.

மழை பெய்தால் ஞாயிறு பயிற்சி உண்டா?

தூறல் என்றால் உண்டு. பாய் நனைந்தால் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும், அதுவும் ஒரு பாடம்தான். பெருமழை என்றால் டீக்கடை பெஞ்ச். பாயைச் சுருட்டிக் கொட்டகையில் வைக்க இரண்டு பேர் ஏழு மணிக்கே வர வேண்டும். போன வாரம் யாரும் வரவில்லை.